வெள்ளைக்கு வெயில், சாயத்துக்கு நிழல்

அத்தியாயம் பதினான்கு

பாவாயி வந்து இறங்கியதும் கேட்ட முதல் கேள்வி, "அந்தத் தொவைக்கற பொட்டி எங்க?" என்பதுதான். அதைப் போன வாரமே பார்த்தோம். கையிலிருந்த பையைக்கூடக் கீழே வைக்கவில்லை. தம்பி வீட்டுக்கு மருமகள் சீராகக் கொண்டுவந்த வாஷிங் மெஷினைப் பின்தாழ்வாரம் வரை தேடிப்போய் ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். மூடியைத் திறந்து பார்த்துவிட்டு மூடினாள். "கையி காலு நல்லா இருக்கறவளுக்கு இது எதுக்கு?" என்றாள். மருமகள் வள்ளியாத்தாளின் காதில் விழட்டும் என்றுதான் சொன்னாள். விழுந்தது.

இன்றைக்கு வள்ளிக்குக் கட்டுச்சோறு. ஏழாம் மாதம். ஜலகண்டாபுரத்திலிருந்து அவள் அம்மா கந்தம்மாள் உறவுக்காரர்களோடு கார் வைத்துக்கொண்டு வருகிறாள். புளிச்சோறு, தேங்காய்ச்சோறு, தயிர்ச்சோறு என்று வகைவகையாகக் கட்டிக்கொண்டுவந்து மகளுக்கு ஊட்டி, கை நிறைய வளையல் போட்டு, பிரசவத்துக்குக் கையோடு கூட்டிப்போய்விடுவாள். ராகுகாலத்துக்கு முன்னால் கிளம்ப வேண்டும் என்று பாவாயி நேற்றிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறாள். அவள்தான் முன்னால் நின்று எல்லாம் நடத்துகிறவள். மாமியார் சென்னியம்மாள் முன்னால் நிற்க முடியாது.

அந்தச் சென்னியம்மாளுக்கு அன்று கோழி கூவும் முன்பே விழிப்பு வந்துவிட்டது. அவளுக்கு நாற்பத்தொரு வயது. மூன்று வருஷத்துக்கு முன்னால் கணவர் சின்னுசாமி, பாவாயியின் தம்பி, லாரியோடு மலைப்பாதையில் போனவர் வீடு திரும்பவில்லை. அன்றிலிருந்து அவளுக்கு வெள்ளைச் சேலை. மகன் மணியன் அப்பா விட்ட தொழிலையே பிடித்துக்கொண்டு மாதத்தில் பாதி நாள் நாக்பூர் ரோட்டில் கிடக்கிறான். எருமப்பட்டிக்கு வெளியே காட்டுக்கு நடுவில் இருக்கும் அந்தப் பெரிய வீட்டில் மாமியாரும் மருமகளும்தான். நாளையிலிருந்து மாமியார் மட்டும்.

அதை நினைக்கக் கூடாது என்று அடுப்பில் பருப்பு வேகிறதா என்று திறந்து பார்த்தாள். வெந்துகொண்டுதான் இருந்தது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் திறந்து பார்த்தாள்.

வள்ளி இந்த வீட்டுக்கு வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. வந்த புதிதில் மெஷினோடு வந்த புத்தகத்தை மடியில் விரித்து வைத்துக்கொண்டு அத்தைக்குப் பாடம் நடத்துவாள்.

"வெள்ளைத் துணி தனியாப் போடோணுமுங்க அத்தை. சாயத்துணி தனி. அவரோட கிரீஸ் சட்டை ரெண்டுலயும் சேராது, அது கடைசி. பையத் தடவிப் பாக்காம எதையும் உள்ள போடக் கூடாது. காயப் போடறப்ப வெள்ளைக்கு வெயிலு, சாயத்துக்கு நெழலு. மாத்திப் போட்டா சாயம் வெளுத்துப் போயிருமுங்க."

சென்னியம்மாள் தலையை ஆட்டிக் கேட்டுக்கொள்வாள். சிரிப்பும் வரும். வெள்ளை தனி என்பதை அந்த வீட்டில் அவளுக்கு யாரும் புத்தகம் பார்த்துச் சொல்ல வேண்டியதில்லை. மூன்று வருஷமாக அவள் சேலை தனிக்கொடியில் காய்கிறது. கல்யாணம் காட்சி என்று போனால் எல்லோரும் பந்தலில் இருக்க, அவள் சமையற்கட்டுப் பக்கம் ஓர் ஓரமாக உட்கார்ந்திருந்துவிட்டு வருகிறாள்.

மெஷின் வந்த பிறகும் அதே கதைதான். மணியனின் சட்டைகளுக்கு ஓர் ஓட்டம், வள்ளியின் சேலைகளுக்கு ஓர் ஓட்டம். ஒற்றை வெள்ளைச் சேலைக்காக யார் மெஷினை ஓட்டுவார்கள்? தன்னுடையதைத் தானே கல்லில் போட்டு அடித்துக்கொண்டாள். வள்ளி சண்டை பிடிப்பாள். "கரண்டு வீணு சாமி, உடு" என்று சொல்லி சென்னியம்மாள் அவள் வாயை அடைத்துவிடுவாள்.

ஆனால் பொழுது சாய்ந்தால் காய்ந்த துணிகளை எடுத்துவந்து வள்ளி மடிக்க உட்காருவாள். அப்போது வெள்ளைச் சேலையும் அவள் மடிக்கு வந்துவிடும். ஓரத்தை ஓரத்தோடு சேர்த்து, கையால் நீவி, தன் சேலைகளுக்குப் பக்கத்திலேயே அடுக்கி வைப்பாள். மூன்று வருஷத்தில் தன் சேலையை இன்னொரு கை மடித்து சென்னியம்மாள் பார்த்தது அதுதான் முதல் தடவை. அந்த அற்பச் சங்கதியை அவள் யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் சிரிப்பார்கள்.

பின்தாழ்வாரத்தில் மெஷின் உறுமுவது அடுப்படிக்குக் கேட்டது. நல்ல நாளும் அதுவுமாக மணியனின் அழுக்குச் சட்டையை எடுத்துப் போட்டிருக்கிறாளாக்கும் என்று நினைத்துக்கொண்டே சோற்றை வடித்தாள். கடைசியாகக் குழம்பை இறக்கி வைத்தபோது சேலையெல்லாம் கரியும் எண்ணெயுமாக இருந்தது. உறவுக்காரர்கள் ஒரம்பரையாக வந்து சேர்வதற்குள் தண்ணீர் வார்த்துக்கொண்டு, யார் கண்ணிலும் அதிகம் படாமல், அடுப்படிக் கதவோரமாக நின்று அந்தப் பிள்ளை சோறு சாப்பிடுவதைப் பார்த்துவிட வேண்டும். கார் கிளம்பும்போது முகத்தைப் பார்த்து, போய்ட்டு வா சாமி என்று ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். அவளுக்கு இன்றைய ஆசை அவ்வளவுதான். அதற்குமேல் அவள் எதுவும் கேட்கவில்லை.

வீட்டுக்குப் பின்னால் பொடக்காலியில் இருந்த குளியலறைக்குப் போனாள். கட்டியிருந்த சேலையை அவிழ்த்து வாளியில் ஊற வைத்தாள். தண்ணீர் வார்த்துக்கொண்டு, பாவாடையை மார்பு வரை தூக்கிக் கட்டி, துண்டைப் போர்த்திக்கொண்டு வெளியே வந்து தனிக்கொடியைப் பார்த்தாள்.

கொடி காலியாக இருந்தது.

நேற்றுக் காயப்போட்டது அங்கே இல்லை. உள்ளே பெட்டியில் இருக்கும் மாற்றுச் சேலைகளாவது இருக்குமே என்று நினைத்தபோதுதான் பின்தாழ்வாரத்திலிருந்து வள்ளியின் குரல் கேட்டது.

"அத்தை... இங்க வாங்க அத்தை. சீக்கிரம் வாங்க."

மெஷினுக்கு முன்னால் வள்ளி இரண்டு கையாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். முகத்தில் ஈயாடவில்லை. தொட்டிக்குள் தண்ணீர் செக்கச்செவேல் என்று நுரைத்துக்கொண்டிருந்தது.

"ரத்தமாட்ட இருக்குதுங்க அத்தை."

சென்னியம்மாள் எட்டிப் பார்த்தாள். சிவப்புத் தண்ணீருக்குள் தன் சேலைகள் சுழன்றுகொண்டிருந்தன. அவற்றோடு பின்னிக்கொண்டு வேறொரு சேலையும் சுழன்றது.

"மஞ்சத் துணி எதாச்சும் போட்டியா?"

"காலைல பெரியத்தை எனக்கு மஞ்சத் தண்ணி வாத்தாங்கல்லங்க, அப்பக் கட்டியிருந்த சேலைங்க. வேற சாயத்துணி ஒண்ணுமே போடலீங்க. மஞ்சளு சாயமில்லீங்களே அத்தை."

அதுதான் விஷயம். மஞ்சளைச் சாயம் என்று யார் நினைப்பார்கள்? முகத்தில் பூசுகிறோம், சரட்டில் பூசுகிறோம், நிலைப்படியில் பூசுகிறோம். அந்தப் புத்தகம் எழுதியவனுக்கும் மஞ்சளைப் பற்றி ஒன்றும் தெரிந்திருக்கவில்லை.

"பயப்படாத அம்மிணி. மஞ்சளும் சோப்பும் சேந்தா செவக்கும். ஆரத்தி கரைக்கறமல்ல, மஞ்சளுஞ் சுண்ணாம்பும், அதேதான். உனக்கு ஆரத்தி கரைச்சிருக்குது இந்த மிசினு, அவ்வளவுதான். வவுத்துல கைய வெச்சுக்கிட்டு நிக்காத. ஒண்ணுமில்ல."

வள்ளிக்கு மூச்சு வந்தது. மூச்சோடு அழுகையும் வந்தது.

"பத்து மணிக்குக் கரண்டு போயிருமுங்களே. ரெண்டு ஓட்டம் ஓட்ட நேரமில்லீங்க. நான் போன பொறவு நீங்க அந்தக் கல்லுலதான் குனிஞ்சு அடிச்சுக்கிட்டு இருப்பீங்க. ஒரு வாரத்துக்காவது நீங்க தொவைக்காம இருக்கட்டும்னு, கொடில பனில நனைஞ்சு கெடந்ததையும் பொட்டில மக்கு வாசம் அடிச்சதையும் எடுத்துப் போட்டுட்டேனுங்க."

சென்னியம்மாளுக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. கட்டிக்கொள்ள ஒரு முழத் துணி இல்லாமல் ஈரத் துண்டோடு நிற்கிறோம் என்பதுகூட ஒரு நிமிஷம் மறந்துபோயிற்று. தன் சேலைக்காக ஒருத்தி காலையிலிருந்து யோசித்திருக்கிறாள் என்பது மட்டும் நெஞ்சில் நின்றது.

இருவருமாகச் சிவப்புத் தண்ணீரை வடித்துவிட்டு நல்ல தண்ணீரில் அலசினார்கள். மறுபடியும் அலசினார்கள். சிவப்புப் போய்விட்டது. ஆனால் சேலைகளில் மஞ்சள் ஏறியிருந்தது. லேசாகப் பட்ட கறை இல்லை. முகத்துக்குப் பூசிக் குளித்த மாதிரி, முந்தானையிலிருந்து உள்முனை வரை ஒரே சீரான மஞ்சள்.

"வெயில்ல ஒரு நாள் கெடந்தா போயிரும்" என்றாள் சென்னியம்மாள். "மஞ்சக்கறைக்கு வெயிலுதான் மருந்து."

"இப்ப என்னத்தைங்க கட்டுவீங்க?"

வள்ளி ஒரு சேலையை மட்டும் எடுத்துப் பக்கத்திலிருந்த டிரையருக்குள் சுருட்டி வைத்து, மேலே வட்டத் தட்டை அமுக்கி, மூடியைப் போட்டுத் திருகினாள். அது கிர்ரென்று சுற்றிச் சுற்றித் தண்ணீரையெல்லாம் வெளியே துப்பியது. நின்றபோது சேலை கட்டிக்கொள்ளும் பதத்தில் லேசான ஈரத்தோடு இருந்தது.

அந்தச் சமயத்தில்தான் வாசலில் கார் ஹாரன் அடித்தது. கூடவே மின்சாரமும் போயிற்று. எடுத்த சேலையை எங்கே வைப்பது என்று தெரியாமல் வள்ளி விழிக்க, பாவாயி பின்பக்கம் வந்து சேர்ந்தாள்.

பாவாயியின் கண்ணுக்கு எதுவும் தப்பாது. தொட்டியில் மிச்சமிருந்த சேலைகளைப் பார்த்தாள். அவற்றோடு கிடந்த வள்ளியின் குளியல் சேலையைப் பார்த்தாள். அதை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்துவிட்டு அப்படியே விட்டாள்.

"புள்ளத்தாச்சி மஞ்சத் தண்ணி வாத்துக்கிட்ட சேலை இது. இதோட இதைய ஆரு போட்டது?"

வள்ளியும் சென்னியம்மாளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"கேக்கறனல்ல. தாலியறுத்தவ துணியோட கட்டுச்சோத்துச் சேலையச் சுத்த உட்டது ஆரு?"

வள்ளி வாயைத் திறந்தாள். சென்னியம்மாளுக்கு அந்த ஒரு நொடியில் எல்லாம் தெரிந்துவிட்டது. வள்ளி உண்மையைச் சொல்லிவிடுவாள். பாவாயி இன்றைக்குத் திட்டுவது பெரிய காரியமில்லை. நாளைக்கு அந்தப் பிள்ளைக்கு வயிறு வலித்தால், பிரசவத்தில் ஏதேனும் கோளாறு என்றால், பிறக்கும் குழந்தைக்குக் காய்ச்சல் அடித்தால், அத்தனைக்கும் பாவாயி இந்தச் சேலையை எடுத்து வெளியே போடுவாள். நீயே உன் கையால் போட்டதுதானே என்பாள். ஆயுசு முழுக்க அந்தப் பேச்சு வள்ளியின் தலையில் நிற்கும்.

"நாந்தானுங்க நங்கையா" என்றாள் சென்னியம்மாள், கணவரின் அக்காவிடம். "அவ அந்தப் பக்கம் போயிருந்தா. நாந்தான் தெரியாம எடுத்துப் போட்டுட்டேன்."

"இல்லீங்க பெரியத்தை, நான்—"

"வள்ளி, உள்ள போ. ஒரம்பரை வந்து நிக்குது."

சாமி என்றோ அம்மிணி என்றோ சேர்க்காமல் சென்னியம்மாள் அவளைக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. வள்ளி சேலையை அவள் கையில் வைத்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டு போனாள்.

பாவாயி தம்பி பெண்டாட்டியை ஏற இறங்கப் பார்த்தாள். ஈரத் துண்டு, ஈரப் பாவாடை, கையில் மஞ்சள் ஏறிய சேலை.

"தெரியாமப் போட்டயா" என்றாள். "பொட்டில இருந்த சேலையெல்லாம் அதாவே நடந்து வந்து உளுந்துச்சா? என்ற தம்பி போயி மூணு வருசமாச்சு. உனக்கு இன்னும் மஞ்ச ஆசை போகலையா சென்னி?"

அவள் மெதுவாகத்தான் கேட்டாள். ஆனால் பாவாயியின் மெது என்பது அடுத்த தோட்டம் வரை போகும். தாழ்வாரக் கதவில் தட்டோடு நின்றிருந்த கந்தம்மாளுக்கு அது கேட்டுவிட்டது. சம்பந்தியம்மாளைப் பார்த்து ஏதோ சொல்ல வந்தவள், தட்டை அப்படியே இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டு முன்பக்கம் திரும்பிவிட்டாள்.

சென்னியம்மாள் பின்னறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

கட்டிக்கொள்ள வேறு எதுவும் இல்லை. வள்ளியின் சேலைகள் அலமாரி நிறைய இருக்கின்றன. அவற்றைத் தொடுவதை நினைத்துப் பார்க்கவும் முடியாது. மஞ்சள் ஏறிய சேலையைக் கட்டிக்கொண்டாள். உடம்பில் பட்டதும் சில்லென்றது. சோப்பு வாசனையை மீறிக்கொண்டு பச்சை மஞ்சள் வாசனை வந்தது. மூன்று வருஷமாக அவள் உடம்பில் இல்லாத வாசனை.

சுவரில் மணியன் முகச்சவரம் செய்துகொள்ளும் கண்ணாடி மாட்டியிருந்தது. அதில் பார்க்கக் கூடாது என்று எதிர்ச்சுவரைப் பார்த்து உட்கார்ந்தாள். பிறகு எழுந்து பார்த்தாள். பெரிதாக ஒன்றும் இல்லை. கழுத்து வரை மஞ்சளாக இருக்கும் ஒரு பெண்பிள்ளை அங்கே நின்றாள், அவ்வளவுதான். ஆனால் அந்தப் பெண்பிள்ளையை அவளுக்குத் தெரிந்திருந்தது. வெகுநாள் காணாமல் இருந்து திடீரென்று சந்தைப்பேட்டையில் எதிர்ப்பட்டவளைப் போல, நலமா என்று கேட்க வாய் வந்தது. கேட்காமல் உட்கார்ந்துகொண்டாள்.

முன்கூடமான ஆசாரத்தில் நடப்பதெல்லாம் சுவர் வழியாகக் கேட்டது. மணை போட்டு வள்ளியை உட்கார வைத்தார்கள். வளையல்கள் ஒவ்வொன்றாக ஏறும் சத்தம் கேட்டது. "புளிச்சோறு மொதல்ல குடு" என்று ஒருத்தி, "தயிர்ச்சோறுதான் மொதல்ல" என்று இன்னொருத்தி. பெண்கள் சிரித்தார்கள். வள்ளியின் குரல் மட்டும் கேட்கவே இல்லை.

சென்னியம்மாள் ஆக்கிய குழம்பு நன்றாக இருக்கிறது என்று யாரோ சொன்னார்கள். யார் ஆக்கியது என்று யாரும் கேட்கவில்லை. வெளியே போய் அடுப்படிக் கதவோரம் நிற்கலாம் என்ற ஆசை இந்தச் சேலையோடு முடிந்துவிட்டது. இவ்வளவு பேர் இருக்கும் வீட்டில் இவ்வளவு தனியாக இருக்க முடியும் என்று அவளுக்கு இதற்கு முன்பும் தெரியும். ஆனாலும் ஒவ்வொரு தடவையும் அது புதிதாகத்தான் இருக்கிறது.

பந்தி முடிந்ததும், கட்டுச்சோற்றுக்கென்று லோடு விட்டு வந்திருந்த மணியன் வந்து கதவைத் தட்டினான்.

"அம்மா, நானே கார்ல போயி உட்டுட்டு, அப்படியே சேலத்துல லாரியப் புடிச்சு லோடுக்குப் போறேன். வர பத்து நாளு ஆகும். பாத்து இருந்துக்க."

"சரி கண்ணு. சாப்ட்டயா?"

"ஆச்சும்மா."

கதவைத் திறக்கச் சொல்வான் என்று நினைத்தாள். அவன் செருப்புச் சத்தம் முன்பக்கம் போய்விட்டது. பாவாயி அவனிடம் என்ன சொல்லியிருப்பாள் என்று யோசிக்காமல் இருக்க முயன்றாள்.

அதன் பிறகு வளையல் சத்தம் வந்தது. கை நிறைய, கலகலவென்று. கதவுக்கு அந்தப் பக்கம் வந்து நின்றது.

"அத்தை."

"சொல்லு சாமி."

"கதவத் தொறங்க."

"வேண்டாஞ் சாமி. நல்ல நேரத்துல கெளம்பு. உன்ற பெரியத்தை பாத்தா பேசும்."

கதவுக்கு வெளியிலிருந்தே வள்ளி பேச ஆரம்பித்தாள். வேறு எதைப் பேசுவது என்று தெரியாதவள் மாதிரி மெஷினைப் பற்றிப் பேசினாள்.

"சோப்புத் தூளு எச்சாப் போடாதீங்க அத்தை. ஒரு கரண்டி போதும். எச்சாப் போட்டா எத்தன அலசுனாலும் நொரை போகாது."

"சரி."

"டிரையர்ல ஒரே பக்கமாத் திணிக்காதீங்க. சுத்திச் சமமா வெக்கோணும். இல்லாட்டி கெடந்து ஆடும், மிசினே நகந்து போயிரும். முழுசா நின்ன பொறவுதான் கைய உடோணும்."

"சரி சாமி."

"முடிஞ்சதும் மூடியத் தொறந்தே வெச்சிருங்க. மூடி வெச்சா நாத்தம் புடிக்கும். உங்க ஒரு சேலைதானேன்னு கல்லுக்குப் போயிராதீங்க. ஒரு சேலைன்னாலும் மிசின்லயே போடுங்க. நாங் கேப்பேன்."

"ஆருகிட்டக் கேப்ப? இங்க ஆரு இருக்கறாங்க சொல்றதுக்கு?"

அது சிரித்துக்கொண்டு சொன்ன வார்த்தைதான். சொல்லும்போதே குரல் உடைந்துவிட்டது. வள்ளி அந்தப் பக்கம் அழுவது கேட்டது.

"எதுக்குங்க அத்தை நீங்க போட்டதாச் சொன்னீங்க?"

"ஆரு போட்டா என்ன? பேச்சு கேக்கறதுக்கு எனக்குப் பழகிப்போச்சு. உனக்கு வேண்டாம்."

"மூஞ்சியக் காட்டுங்க. பாக்காமப் போக மாட்டனுங்க."

வாசலில் ஹாரன் அடித்தது. பாவாயி யாரையோ அதட்டிக்கொண்டிருந்தாள். சென்னியம்மாள் தாழ்ப்பாளைப் பிடித்தபடி நின்றாள். பிள்ளைத்தாய்ச்சி கேட்டதை இல்லை என்று சொல்லக் கூடாது என்று தனக்குத்தானே ஒரு சாக்குச் சொல்லிக்கொண்டு கதவைத் திறந்தாள்.

வள்ளி அரக்குச் சேலையில், தலை நிறைய பூவோடு, வீங்கிய கண்களோடு நின்றாள். மேலிருந்து கீழே வரை மாமியாரைப் பார்த்தாள். அழுகை நின்றது.

"நல்லாருக்குதுங்க அத்தை" என்றாள்.

சென்னியம்மாள் அவள் கன்னத்தை ஒரு தடவை தொட்டாள். பிறகுதான் வள்ளிக்குப் பின்னால் கந்தம்மாள் நிற்பதைப் பார்த்தாள். மகளைத் தேடி வந்திருக்கிறாள். அவள் பார்வை சம்பந்தியின் சேலையில் பட்டு, அங்கேயே கொஞ்சம் நின்றது. என்ன நினைத்தாள் என்று தெரியவில்லை. "நேரமாச்சு கண்ணு" என்று மகளின் தோளைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனாள். சம்பந்தியிடம் போய்ட்டு வாரேன் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.

கார் கிளம்பிப் போயிற்று. வந்தவர்களும் கிளம்பினார்கள். கடைசியாகப் பாவாயி பையை எடுத்துக்கொண்டு பின்னறை வாசலில் வந்து நின்றாள்.

"நானும் ஊருக்குப் போயி நாலு துணி எடுத்துக்கிட்டு நாளைக்குக் காலைல வாரேன். அந்தப் புள்ள பெத்து வர முட்டும் இங்கதான் இருக்கப் போறேன். உன்னையத் தனியா உட்டா ஆகாதுன்னு இன்னிக்குத்தான் தெரிஞ்சுது. வெயிலு சுள்ளுன்னு அடிக்குது. எல்லாத்தையும் கொண்டுபோயி காயப்போடு. நான் வாரப்ப ஒண்ணுலயும் மஞ்ச இருக்கக் கூடாது."

"சரிங்க நங்கையா."

வீடு அடங்கிவிட்டது. ஆசாரத்தில் பாய்கள் கிடந்தன. உடைந்த வளையல் துண்டு ஒன்று மணைக்கு அருகில் கிடந்தது. அதைப் பொறுக்கி எடுத்து மாடத்தில் வைத்தாள். பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்தாள். பேச ஆளில்லாத வீட்டில் வேலைகள் சீக்கிரம் முடிந்துவிடுகின்றன.

காலையில் வாளியில் ஊற வைத்த சேலையைத் துவைத்து வெயிலில் போட்டாள். நல்ல வெயில், மற்ற வேலை முடிவதற்குள் அது மொடமொடவென்று காய்ந்து தும்பைப்பூவாக வந்தது. மஞ்சளை அவிழ்த்துவிட்டு அதைக் கட்டிக்கொண்டாள்.

மின்சாரம் வந்ததும் பின்தாழ்வாரத்துக்குப் போனாள். தொட்டியில் மிச்சமிருந்தவற்றோடு அவிழ்த்ததையும் சேர்த்து டிரையரில் வைத்தாள். ஒரே பக்கமாகத் திணிக்காமல், சுற்றிச் சமமாக வைத்தாள். வட்டத் தட்டை அமுக்கினாள். முழுசாக நின்ற பிறகே கையை விட்டாள். மூடியைத் திறந்தே வைத்தாள்.

வள்ளியின் குளியல் சேலையும் மற்றச் சேலைகளும் வாசல் வெயிலுக்குப் போயின. நாளைக் காலைக்குள் மஞ்சள் என்று ஒன்று இருந்த சுவடே அவற்றில் இருக்காது. வெயில் அப்படித்தான்; கேட்டுக்கொண்டா எடுக்கும்?

கடைசிச் சேலை கையில் மிஞ்சியது. சற்று முன்பு வரை உடுத்தியிருந்த மஞ்சள் சேலை. அதையும் கொடியில் வீசக் கையைத் தூக்கியவள் அப்படியே நின்றாள்.

மஞ்சள் மேல் ஆசையா என்று பாவாயி கேட்டாள். ஆசைதான். இல்லை என்று யாரிடம் பொய் சொல்வது? ஆனால் அவளுக்கு ஆசை நிறத்தின் மேல் மட்டும் இல்லை. மூன்று வருஷமாகத் தனியாகவே நனைந்து தனியாகவே காய்ந்த சேலை, இன்றைக்கு ஒரு நாள் இன்னொருத்தியின் சேலையோடு பின்னிக்கொண்டு சுழன்றிருக்கிறது. வள்ளியின் உடம்பு மஞ்சள்தான் இதில் ஏறியிருக்கிறது. அவள் திரும்பி வரும்வரை, அவளுடையது என்று சென்னியம்மாள் தொட்டுக்கொள்ள இது ஒன்றுதான் இருக்கிறது. இதையும் வெயிலுக்குக் கொடுத்துவிட்டால் நாளைக்கு யார் முகத்தில் விழிப்பது?

சேலையைத் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே வந்தாள். ஆசாரத்தில் வெயில் எட்டாத இடத்தில், வள்ளி தன் சாயச் சேலைகளைக் காயப்போட என்று கட்டிய கயிறு இருந்தது. சேலையை அதில் விரித்தாள். ஓரத்தை ஓரத்தோடு சேர்த்து, கையால் நீவி விட்டாள்.

பொழுது சாயும் நேரத்தில் வாசல் கேட் கிறீச்சிட்டது.

"சென்னி" என்று பாவாயியின் குரல் கேட்டது. "நாமக்கல்லு பஸ்ஸு போயிருச்சு. ராத்திரிக்கு இங்கயே படுத்துக்கறேன். கதவத் தொற."

சென்னியம்மாள் கயிற்றைப் பார்த்தாள். வாசற்கதவைத் திறந்தால் முதலில் கண்ணில் படுவது அந்தச் சேலைதான். எடுத்துச் சுருட்டி உள்ளே வைக்க நேரம் இருந்தது.

அவள் அதை எடுக்கவில்லை. கதவைத் திறக்கப் போனாள்.